உலா வராத சாமி

1311 ஆம் ஆண்டு ஜூன் 9 ஆம் தேதி இத்தாலியின் சியனா நகரத்தில் கடைகளை அடைத்துவிட்டார்கள். டூச்சோ என்ற ஓவியரிடம் மூன்று வருடங்களுக்கு முன்பு ஒப்படைத்திருந்த மரியன்னை ஓவியம் முடிந்துவிட்டது. இரண்டு பக்கமும் வரையப்பட்ட பிரம்மாண்டமான பலகை அது. ‘மயெஸ்தா’ என்று பெயர். டூச்சோவின் பட்டறையிலிருந்து தலைமைத் தேவாலயம் வரைக்கும் அதை ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆயர், குருமார்கள், நகரத்தை ஆண்ட அதிகாரிகள், கையில் மெழுகுவர்த்தி ஏந்திய ஜனங்கள் எல்லோரும் கூடவே நடந்தார்கள். கோயில் மணிகள் அடித்துக்கொண்டே இருந்தன. நம்ம ஊர்க்காரர் யாராவது அன்றைக்கு அந்தத் தெருமுனையில் நின்றிருந்தால் ‘சாமி புறப்பாடு’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்.

அதே வருடம், அதற்கு இரண்டு மாதம் முன்பு, மாலிக் காஃபூரின் படை மதுரைக்கு வந்து சேர்ந்தது. வந்த வழியில் கோயில்கள் சூறையாடப்பட்டன. அந்தப் படையெடுப்பில் தொடங்கி அடுத்த சில நூற்றாண்டுகளில், ஆபத்து வரும் என்று தெரிந்தபோதெல்லாம், தமிழ்நாட்டுக் கோயில்களில் செப்புத் திருமேனிகளை மண்ணுக்குள் இறக்கி மூடினார்கள். புதைத்தவர்கள் திரும்ப வந்து எடுத்த சிலைகளும் உண்டு. எடுக்க ஆளில்லாமல் போனவையும் உண்டு. இன்றைக்கும் காவிரி டெல்டாவில் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டினால் நடராஜர் வருகிறார் என்றால் அதற்குக் காரணம் அந்தக் கைகள்தான்.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. சியனாவும் தஞ்சாவூரும் பல வகையில் ஒரே ஜாதகம். இரண்டும் ஒரு காலத்தில் அதிகாரம் செய்த ஊர்கள். 1555 இல் சியனா சரணடைந்து ஃபுளோரன்ஸின் ஆட்சிக்குக் கீழே போனது. வாரிசு இல்லை என்று சொல்லி ஆங்கிலேயர் தஞ்சை மராத்தியரின் அரசுரிமையை முடித்துவைத்தது சரியாக 300 வருடம் கழித்து, 1855 இல். அதிகாரம் போனபின் இரண்டு ஊர்களிலும் மிஞ்சியவை கலையும் திருவிழாவும்தான். இன்றைக்கு இரண்டு ஊர்களுக்கும் வெளியூர்க்காரர்கள் வருவது அருங்காட்சியகம் பார்க்க, இல்லையென்றால் திருவிழா பார்க்க.

ஆனால் அருங்காட்சியகத்துக்கும் திருவிழாவுக்கும் நடுவில் என்ன உறவு? ஒன்று செத்த கலைக்கு, மற்றொன்று உயிருள்ள கலைக்கு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிலைத் திருட்டு வழக்குகளை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கியபிறகு கேள்வி வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு சிலையை உண்மையில் காப்பாற்றுவது எது? பூட்டா, கண்ணாடிப் பெட்டியா, கூட்டமா?

*

தஞ்சாவூர் அரண்மனையில் 1951 இல் தொடங்கப்பட்ட கலைக்கூடம் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் யாரும் திருவெண்காட்டு ரிஷபவாகனரைத் தாண்டிச் சட்டென்று நகர்ந்துவிட முடியாது. கல்வெட்டு ஆதாரப்படி 1011 ஆம் ஆண்டைச் சேர்ந்த திருமேனி. தலையில் பாம்புகளைச் சுற்றிய தலைப்பாகை மாதிரி ஒரு சடைமுடி. ஒரு கால் மற்றொன்றின் குறுக்கே சாவகாசமாக நிற்கிறது. வலது கை காற்றில் எதன்மீதோ சாய்ந்திருக்கிறது. அங்கே ஒரு காளை இருந்திருக்க வேண்டும். காளை கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்தால் காளையின் உயரமும் திமிலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் தேவி அடுத்த வருடம், 1012 இல் செய்து வைக்கப்பட்டவர்.

இருவரும் 1951-52 வாக்கில் திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தார்கள். 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் தர வேண்டும். சென்னை அருங்காட்சியகத்திலும் தஞ்சைக் கலைக்கூடத்திலும் இருக்கும் செப்புத் திருமேனிகளில் கணிசமானவை அந்த வழியாக வந்தவை. யாரும் கோயிலிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து வைக்கவில்லை.

ஆனால் இவை நிற்பதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. கருவறையில் இருக்கும் மூலவர் கல். அசையாது. வெளியே வர வேண்டியவர் உற்சவர். அவருக்காகத்தான் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை சோழநாட்டில் உச்சத்துக்குப் போனது. பல திருமேனிகளின் பீடத்தைக் குனிந்து பார்த்தால் துளைகள் இருக்கும், அல்லது வளையங்கள் இருக்கும். கயிற்றையும் கழியையும் கோர்த்துத் தண்டில் கட்டித் தோளில் தூக்குவதற்கான ஏற்பாடு அது. கலைக்கூடத்தில் ஆயிரம் பேர் முகத்தையும் இடுப்பையும் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தத் துளையைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். இந்தச் சிலை என்ன வேலைக்குச் செய்யப்பட்டது என்று சொல்வது அதுதான்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. வீதியில் வரும்போது சாமிக்குப் பட்டு, மாலை, கவசம் எல்லாம் போர்த்தி முகம் மட்டும்தான் தெரியும். நூற்றாண்டுகளாக அவரைக் கும்பிட்டவர்கள் பார்த்திராத முதுகையும் தொடையையும் இன்றைக்குக் கலைக்கூடத்தில் டிக்கெட் வாங்கியவர் சுற்றிவந்து பார்க்கிறார். அதேபோல, தோளில் வரும்போது அந்த உருவம் எப்படி ஆடி ஆடி வரும், தீவட்டி வெளிச்சத்தில் கண் எப்படித் திறந்து மூடுகிற மாதிரி தோன்றும் என்பது கலைக்கூடத்தில் தெரியாது. முழுச் சிலையை நாம் யாருமே பார்க்கவில்லை. பாதிப் பாதியாகத்தான் பார்க்கிறோம்.

*

தஞ்சையில் இன்னொரு அருங்காட்சியகம் உண்டு. அதற்கு அந்தப் பெயர் கிடையாது, அவ்வளவுதான். பெரிய கோயிலின் சுவர்.

ராஜராஜன் கல்வெட்டுகளை முதன்முதலாகப் படித்தபோது எனக்குத் தோன்றியது பக்தி இல்லை. ‘என்னவொரு கணக்குப்பிள்ளை!’ என்பதுதான். அரசனும், அவனுடைய அக்கா குந்தவையும், தேவியரும், அதிகாரிகளும் கோயிலுக்குக் கொடுத்த செப்புத் திருமேனிகள் ஏறக்குறைய 60. ஒவ்வொன்றுக்கும் உயரம் எத்தனை முழம், எத்தனை விரல், எத்தனை கை, பீடம் எப்படி என்று வெட்டியிருக்கிறார்கள். கோயிலிலேயே வைத்திருந்த முழக்கோலால் அளந்தது என்றும் சொல்கிறார்கள். நகைகளை ‘ஆடவல்லான்’ என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எழுதியிருக்கிறார்கள். முத்துக்களைக்கூட ரகம் பிரித்து எண்ணியிருக்கிறார்கள். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்கள் 400 பேர். அவர்கள் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் இருக்கிறது.

திருவிழாவும் அதே கணக்கில் வருகிறது. எந்த நட்சத்திரத்தில் சாமி புறப்பாடு, அதற்கு எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நெல் எல்லாம் உண்டு. ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று வைகாசித் திருவிழாவில் ‘ராஜராஜேஸ்வர நாடகம்’ ஆடுவதற்காக வருடத்துக்கு 120 கலம் நெல் ஒதுக்குகிறது. நாடகம் இன்றைக்கு இல்லை. அதன் ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. நெல்லின் அளவு மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஒரு வகையில் இது சோகம். இன்னொரு வகையில், அந்தக் கணக்கு இல்லாவிட்டால் அப்படி ஒரு நாடகம் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

அந்த 60 திருமேனிகளில் கோயிலில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆடவல்லானாகிய நடராஜர் இருக்கிறார். ராஜராஜன், லோகமாதேவி என்று அடையாளம் சொல்லப்படும் இரண்டு படிமங்கள் பல பத்தாண்டுகள் ஆமதாபாத்தில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் இருந்து, 2018 இல் தஞ்சைக்குத் திரும்பின. அந்த விவகாரத்தில் கல்வெட்டில் சொன்ன உயரக் கணக்கும் பேசப்பட்டது. 1,000 வருடத்துக்கு முன்பு ஒரு கணக்கர் கோல் வைத்து அளந்தது இந்த நூற்றாண்டின் காவல்துறை விசாரணைக்குப் பயன்பட்டிருக்கிறது!

*

இப்போது ஸ்ரீபுரந்தானுக்கு வர வேண்டும். அரியலூர் மாவட்டத்துக் கிராமம். சோழர் காலத்துப் பிரகதீஸ்வரர் கோயில். வழிபாடு நின்றுபோய்ப் பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்தது. உள்ளே வௌவால், வெளியே முள்ளுச்செடி. சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று அதிகாரிகள் கேட்டபோது ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. “எங்க சாமி எங்க ஊர்லயே இருக்கட்டும்” என்பது எந்தக் கிராமத்துக்காரரும் சொல்லக்கூடிய பதில்தான். 2008 இல் மறுபடி வந்து கதவைத் திறந்தபோது சிலைகள் இல்லை. திருட்டு நடந்தது 2006 இல். இரண்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை.

அதே 2008 இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அந்த நடராஜரை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். அவர் 2011 இல் ஜெர்மனியில் கைதாகி, 2012 இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 2022 இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 வருடச் சிறைத்தண்டனை கொடுத்தது. நடராஜர் 2014 செப்டம்பரில் திரும்பி வந்தார். கூடவே, சிட்னியில் இருந்த விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலையும் வந்தது.

எப்படி நிரூபித்தார்கள்? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் 1956 இலிருந்து சேர்த்துவைத்த கோயில் புகைப்படங்கள் இருக்கின்றன. ஒரு லட்சத்துக்கும் மேல். அந்தக் காலத்தில் ஜீப்பில் ஊர் ஊராகப் போய் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படங்கள். எடுத்தவர்கள் நினைத்தது சிற்பவியல் ஆராய்ச்சி. அது பின்னால் வழக்கின் சாட்சியாகும் என்று யார் கண்டார்கள்? ராஜராஜனின் கணக்கர் சுவரில் செய்த வேலையைத்தான் அந்தப் புகைப்படக்காரர்கள் ஃபிலிமில் செய்தார்கள்.

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. பேக்கப் எடுத்து வைத்தால் போதாது, அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். திறந்தே பார்க்காத பேக்கப் இருக்கிறதா இல்லையா என்பது ஆபத்து வரும் அன்றைக்குத்தான் தெரியும். ஸ்ரீபுரந்தான் கதையைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பூட்டு இருந்தது. ஊர்க்காரர்களின் பாசமும் இருந்தது. இல்லாமல் போனது திருவிழா. வருடத்தில் ஒரு நாளாவது அந்த நடராஜரை வெளியே எடுத்து, குளிப்பாட்டி, தோளில் தூக்கியிருந்தால் திருட்டு நடக்காமல் இருந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வருடம் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆருத்ரா தரிசனத்தன்றே ஊர் கூச்சல் போட்டிருக்கும்.

திருவிழா என்பது பக்தி, கொண்டாட்டம், சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்தது. அதற்குள்ளேயே ஒரு தணிக்கையும் நடக்கிறது. சீர்பாதம் தாங்குகிறவருக்குத் தோளில் எடை தெரியும். குருக்களுக்குக் கைவிரல் தேய்ந்த இடம் தெரியும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு “போன வருஷம் மூக்குத்தி இந்தப் பக்கம்ல இருந்துச்சு?” என்று கேட்கத் தெரியும். இத்தனை கண்களை எந்த அருங்காட்சியகமும் சம்பளம் கொடுத்து வைக்க முடியாது.

*

அப்படியென்றால் கண்ணாடிப் பெட்டியே வேண்டாமா? மறுபடி சியனாவைப் பார்க்கலாம்.

ஊர்வலமாகக் கொண்டுபோன மயெஸ்தா சுமார் 200 வருடம் பிரதான பீடத்தில் இருந்தது. பிறகு ஃபேஷன் மாறியது. ஓரமாக நகர்த்தினார்கள். 1771 இல் இரண்டு பக்கங்களையும் பிரிப்பதற்காக ரம்பம் போட்டு அறுத்தார்கள். சின்னச் சின்னப் பலகைகள் கைமாறிக் கைமாறி, இன்றைக்கு லண்டன், நியூயார்க், வாஷிங்டன், மாட்ரிட் என்று கிடக்கின்றன. படையெடுப்பும் இல்லை, திருடனும் இல்லை. சொந்த ஊரே பார்ப்பதை நிறுத்தியதும் அது நடந்தது. மிச்சமிருந்த பெரும்பகுதியைக் காப்பாற்றியது தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அருங்காட்சியகம்தான்.

அதே ஊரில் இன்னொரு ஏற்பாடு உண்டு. சியனாவில் வருடத்துக்கு இரண்டு முறை, ஜூலை 2 அன்றும் ஆகஸ்ட் 16 அன்றும், நகரச் சதுக்கத்தில் ‘பாலியோ’ என்ற குதிரைப் பந்தயம். ஊரில் 17 பேட்டைகள். ஒவ்வொரு முறையும் 10 பேட்டைகளின் குதிரைகள் ஓடும். ஓடும் குதிரையைப் பேட்டையின் தேவாலயத்துக்குள்ளேயே கூட்டிப்போய் ஆசீர்வாதம் வாங்குவார்கள். பரிசு, மரியன்னை உருவம் தீட்டிய பட்டுக்கொடி ஒன்று. ஒவ்வொரு பந்தயத்துக்கும் புதிதாக ஓர் ஓவியர் வரைவார். ஜெயித்த பேட்டை அதைத் தன் சொந்த அருங்காட்சியகத்தில் தொங்கவிடும். 17 பேட்டைக்கும் 17 அருங்காட்சியகம். அங்கே இருக்கும் உடைகளில் கிழிசல் இருக்கும், கொடிகளில் வெயில் பட்டிருக்கும். திருவிழாவிலிருந்து நேராக வந்த பொருள்கள் அவை. காவல் இருப்பவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தான். திருவிழா நடக்கிறவரை அருங்காட்சியகம் வளரும். அருங்காட்சியகம் இருக்கிறவரை திருவிழாவுக்கு ஞாபகம் இருக்கும்.

இதைப் படித்துவிட்டு ‘ஐரோப்பாக்காரன் பாருய்யா’ என்று பெருமூச்சு விட வேண்டியதில்லை. தஞ்சை வெண்ணாற்றங்கரைக் கோயில்களை ஒட்டி வைகாசியில் நடக்கும் கருட சேவையில் 20க்கும் மேற்பட்ட பெருமாள்கள் ஒரே நாளில் கருட வாகனத்தில் வரிசையாக வருவார்கள். சித்திரையில் திருவையாற்றுப் பல்லக்கு ஏழு ஊர்களைச் சுற்றி வரும். ஊருக்கு ஊர் மாறும் சாமிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டும் இவையும் கண்காட்சிகள்தான். பெரிய கோயிலில் நூறு வருடம்போல ஓடாமல் இருந்த சித்திரைத் தேர், புதிதாகச் செய்யப்பட்டு 2015 இல் ஓடியது. நின்றுபோன திருவிழாவை மறுபடி தொடங்க முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

*

என் ஊர் ரெட்டியார்சத்திரம். திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் இருக்கிறது. பெயரே சொல்லும், நடந்து போகிறவர்கள் இளைப்பாறிய சத்திரத்தால் உண்டான ஊர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களின் காவடியும் சின்னச் சின்ன வேல்களும் இந்தச் சாலையில்தான் போகும். அந்தச் சமயத்தில் சாலையே ஒரு கோயில் பிரகாரம்.

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு பழைய பதில்கள் இருக்கின்றன. திண்டுக்கல் தாண்டிக் கரூர் சாலையில் தாடிக்கொம்பு. சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்துத் தூண்களில் உலகளந்த பெருமாள், நரசிம்மர், ரதி, மன்மதன் எல்லோரும் ஆள் உயரத்துக்கு நிற்கிறார்கள். தூணோடு தூணாக ஒரே கல். பெயர்க்க வேண்டுமென்றால் மண்டபத்தையே பெயர்க்க வேண்டும். ஆனால் சித்திரா பௌர்ணமியில் குடகனாற்றில் இறங்குபவர் உற்சவர். அவருக்குத் துணை கூட்டம்தான்.

பக்கத்திலேயே அகரம். அங்கே முத்தாலம்மன். மதுரை, திண்டுக்கல் பக்கத்து முத்தாலம்மன் கோயில்கள் பலவற்றில் அம்மனை ஒவ்வொரு திருவிழாவுக்கும் மண்ணால் புதிதாகச் செய்வார்கள். கண் திறப்பார்கள். ஊரே பார்க்கும். விழா முடிந்ததும் மண்ணுக்கே திருப்பிவிடுவார்கள். திருடுவதற்கு ஒன்றுமில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைக்கவும் ஒன்றுமில்லை. அங்கே காப்பாற்றப்படுவது உருவம் இல்லை, அதைச் செய்யத் தெரிந்த கை.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் செப்புத் திருமேனிகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. கல்லைப் போல அசையாமல் இருக்க முடியாது. மண்ணைப் போலக் கரைந்துபோகவும் முடியாது. அதனால்தான் திருவாரூர் தியாகராஜர் கோயிலில் இருக்கும் காப்பு மையத்தில் ஆயிரக்கணக்கான திருமேனிகள் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் சின்னக் கிராமக் கோயில்களின் சாமிகள். அது கோயிலும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. கும்பிடவும் முடியாது, பார்க்கவும் முடியாது. ஆனால் ஸ்ரீபுரந்தான் நடராஜர் அப்படி ஓர் அறைக்குள் போயிருந்தால் கடல் தாண்டியிருக்க மாட்டார் என்பதையும் மறுக்க முடியாது. பூட்டு தேவையில்லை என்று பேசுவது பக்கத்து ஊர்க்காரனின் வீம்பு.

வழியும் நடைமுறையில் ஏற்கெனவே இருக்கிறது. சில ஊர்கள் திருவிழாவுக்குத் தங்கள் உற்சவரைக் காப்பு மையத்திலிருந்தோ பெரிய கோயிலிலிருந்தோ காவலோடு கூட்டிவந்து, உலா முடிந்ததும் திரும்ப விட்டுவிட்டு வருகின்றன. கையெழுத்து, அனுமதி, போலீஸ் என்று அலைச்சல்தான். இருந்தாலும் அந்த ஒரு நாளில் சாமியும் ஊரும் ஒருவரையொருவர் சரிபார்த்துக்கொள்கிறார்கள். அந்த அலைச்சலைக் குறைப்பதுதான் அரசாங்கம் செய்யக்கூடிய பெரிய பாதுகாப்பு ஏற்பாடு.

நாம் செய்யக்கூடியது அதைவிடச் சின்னது. இன்றைக்கு எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. திருவிழாவில் அலங்காரத்தை ஆயிரம் படம் எடுக்கிறோம். திருமஞ்சனத்துக்கு முன்பு, கோயில் நிர்வாகத்தின் அனுமதியோடு, அலங்காரம் இல்லாத திருமேனியை முன்பக்கம், பின்பக்கம், பீடம் என்று நாலு படம் எடுத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து உயரத்தையும் குறித்து, ஊர்ப் பொதுவில் ஒரு பிரதி, அறநிலையத்துறையில் ஒரு பிரதி கொடுத்துவைத்தால் போதும். முழக்கோல் வைத்து அளந்த ராஜராஜனின் கணக்கர் செய்ததைவிட இது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. எங்கள் பக்கம் இரண்டு கோயில்களில் பெரியவர்களிடம் இதைப் பேசிப் பார்த்தேன். ஒருவர், “சாமியைப் போட்டோ பிடிக்கிறதா?” என்று முகத்தைச் சுளித்தார். இன்னொருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அடுத்த திருவிழாவுக்கு வாங்க தம்பி, பாக்கலாம்” என்றார்.

போகப் போகிறேன். ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு.